கெட்டியாகவே மாட்டேன்னு அடம் பண்ணுன ராகிக் கூழு: அம்மிணிக்கு சாப்பாடு பழக்கின மூணு மாசக் கணக்கு

நேத்து மதியம் எங்க ஒம்போது மாசப் பொண்ணு அம்மிணி ஒரு கிண்ணம் கூழ வழிச்சு முடிச்சா. சின்ன எவர்சில்வர் கிண்ணம், தண்ணி ஊத்தி அளந்து பாத்திருக்கேன், 125 மில்லி பிடிக்கும். கூழுன்னா சொம்புல ஊத்திக் குடிக்கற கூழு இல்லீங்க, கரண்டிய சாய்ச்சா விழலாமா வேண்டாமான்னு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு விழற கூழு. இந்தப் பதத்துக்கு வர எனக்கு மூணு ஈடு மாவும் மூணு மாசமும் ஆச்சு. நடுவுல பண்ணுன தப்பெல்லாம் மறக்கறதுக்கு முன்னாடி எழுதி வெச்சுக்கறேன், ரெண்டாவது ஒண்ணு வந்தா நானே எடுத்துப் படிச்சுக்குவேன்.

எனக்குத் தொழில் மோட்டார் வைண்டிங். கோயமுத்தூர் கணபதில வீட்டு முன்னாடியே பட்டறை. வீட்டுக்காரி பேங்க்ல வேல, பிரசவத்துக்கு முந்தின நாள் வரைக்கும் வேலைக்குப் போனதால 26 வார லீவையும் குழந்தை பொறந்த பொறவுதான் எடுத்தா. 26 வாரம்னா 182 நாளு. தாய்ப்பால் மட்டும் குடுக்கற ஆறு மாசமும் அதே கணக்குல முடியுது, அதாவது குழந்தைக்கு சாப்பாடு ஆரம்பிக்கற அன்னைக்கு அம்மா ஆபீஸ் கிளம்பிட்டா. இந்த கணக்கப் போட்டவங்க யாருன்னு தெரியல, ஆனா அந்த வீட்ல மதியம் யாரு ஊட்டுவாங்கன்னு யோசிச்ச மாதிரி தெரியல. எங்க வீட்ல நானும் எங்கம்மாவும். பால் பீய்ச்சி பிரிட்ஜ்ல வெச்சுட்டுப் போயிருவா, மத்ததெல்லாம் எங்க பாடு.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாத்துக்கிட்டது மூணு விஷயம்தான், தலை நிக்குதா, சாய்ச்சு உக்கார வெச்சா உக்காருறாளா, கரண்டிய வாய்கிட்ட கொண்டுபோனா நாக்கு தானா வெளிய தள்றது நின்னுருச்சா. மொத ரெண்டும் சரி. மூணாவது பாதி சரி.

மாவு வேலைய அஞ்சரை மாசத்துலயே ஆரம்பிச்சுட்டேன், அதுதான் மொதத் தப்பு, ஏன்னா அது ஐப்பசி. 1 கிலோ ராகி 58 ரூபா. ஏழு தண்ணி விட்டுக் கழுவி கல்லு அரிச்சு (ராகில மண்ணு கல்லு எவ்வளவு வரும்னு கழுவுனவங்களுக்குத்தான் தெரியும்), ராத்திரி பூரா ஊற வெச்சு, பழைய வேட்டித் துணில மூட்டை கட்டி பட்டறைல மோட்டார் தூக்கற கொக்கிலயே தொங்க விட்டேன். காலைல சாயந்தரம் தண்ணி தெளிச்சேன். ரெண்டு நாள் விட்டதுல முளை நல்லா நூல் மாதிரி நீண்டு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிச்சு. பாக்க அழகா இருந்துச்சு, பிரிக்க முடியல. மொட்டை மாடில காய வெச்ச அன்னைக்கே மழை, அடுத்த மூணு நாளும் மழை. வீட்டுக்குள்ள பாய்ல பரப்புனா ஒரு மக்குன வாசம். வார்னிஷ் காய வெக்கற ஓவன் பட்டறைல இருக்கு, அதுல ஒரு மணி நேரம் வெச்சா வேலை முடிஞ்சுதுன்னு வாய் தவறி சொல்லிட்டேன். "ஏனுங்க, அதுல என்னென்ன புகை படிஞ்சு கிடக்குதுன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"ன்னு வீட்டுக்காரி ஒரே கேள்வி. மொத ஈடு 1 கிலோவும் குப்பைக்குப் போச்சு. பூஞ்சை வாசம் வந்த தானியத்த வறுத்தா சரியாயிரும்னு சிலபேரு சொன்னாங்க, நான் மாட்டுக்குக்கூட போடல.

அதனால மொத ரெண்டு வாரம் மாவே இல்லாம, எங்கம்மா பழக்கப்படி ராகிப்பால்தான். 50 கிராம் ராகிய எட்டு மணி நேரம் ஊற வெச்சு, மிக்ஸி சட்னி ஜார்ல அரைச்சு, துணில பிழிஞ்சு, சக்கைய மறுபடி அரைச்சு பிழிஞ்சு, அந்தப் பால அடுப்புல கை விடாம கிண்டணும். 10 நிமிஷத்துல நிறம் மாறி பளபளன்னு வரும். மொத நாள் ரெண்டு டீஸ்பூன் ஊட்டுனதுல ஒண்ணரை டீஸ்பூன் தாடைல, மிச்சம் என் சட்டைல. நாலாவது நாள்தான் முழுங்கறதுன்னு ஒண்ணு இருக்குன்னு அவளுக்குப் புரிஞ்சுது. இதுல கஷ்டம் என்னன்னா பிழியற துணி. நல்லா அலசி வெயில்ல போடாட்டி மறுநாளே புளிச்ச வாசம் வந்துருது, மழைல வெயிலுக்கு எங்க போறது, கொதிதண்ணில போட்டு எடுத்து இஸ்திரி போட்டேன். தினமும் ஒரு கைக்குட்டை அளவு துணிக்கு இஸ்திரி.

மழை விட்ட பொறவு ரெண்டாவது ஈடு. இந்த தடவ 500 கிராம்தான். 12 மணி நேரம் ஊறல், 30 மணி நேரம் மூட்டை, முளை வெள்ளையா கொஞ்சம் எட்டிப் பாத்ததும் அவுத்துட்டேன். ரெண்டு நாள் வெயிலு, ராத்திரி ஃபேனுக்கடில. முளைய கையால கசக்கி முறத்துல புடைச்சாச்சு, புடைச்சது எங்கம்மா, எனக்கு அந்த வித்தை வராது, பாதி ராகி தரைக்குப் போயிரும். வறுத்தா தீஞ்சுருமோன்னு பயத்துல வறுக்கவே இல்ல. மில்லுக்கும் குடுக்கல, நமக்கு முன்னாடி யாராவது மிளகாய் அரைச்சிருந்தா போச்சு. மிக்ஸில அஞ்சு தடவையா அரைச்சு மைதா சல்லடைல சலிச்சா 390 கிராம் வந்துச்சு. இளஞ்சிவப்பு கலந்த சாம்பல் நிறம், வாசம் அருமை. கண்ணாடி பாட்டில்ல போட்டு தேதி ஒட்டி வெச்சேன்.

இந்த மாவுல 10 கிராம் எடுத்து 200 மில்லி தண்ணில கரைச்சுக் காய்ச்சுனா சும்மா சரசரன்னு தண்ணியா வந்துச்சு. எங்கம்மாவுக்கு ரொம்ப திருப்தி. "பச்சக் குழந்தைக்கு தண்ணியாத்தான் குடுக்கணும் சாமி, கெட்டியா குடுத்தா விக்கிக்கும்." கரண்டிய தூக்கிப் போட்டுட்டு, குழந்தைக்குப் பால் புகட்டற பாலாடைல ஊத்த ஆரம்பிச்சோம். அம்மிணியும் 100 மில்லிய மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு தூங்கிருவா. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ. மூணு வாரம் இப்படி ஓடுச்சு. பட்டறைக்கு வர்றவங்ககிட்டல்லாம் எம்பொண்ணு 100 மில்லி கூழு சாப்பிடறான்னு பெருமை பேசிட்டிருந்தேன்.

ஆறு மாசம் முடிஞ்சப்போ 7.1 கிலோ. ஏழு மாசத்துல 7.25. ஏழரைல அங்கன்வாடிக்குத் தூக்கிட்டுப் போனோம், 7.3. தாய் சேய் அட்டைல இருக்கற எடைக்கோட்டுப் படத்துல புள்ளி வெச்ச டீச்சர், "சரியான எடைக்கான பச்சைக்குள்ளதான் இருக்கு, ஆனா கோடு மேல ஏறாம படுத்துருச்சு பாருங்க"ன்னாங்க. என்ன குடுக்கறீங்கன்னு கேட்டாங்க. நான் பெருமையா சொன்னேன். மறுநாள் அதே கூழ ஒரு டப்பால கொண்டுவரச் சொல்லி, ஒரு கரண்டி எடுத்து சாய்ச்சுக் காட்டுனாங்க. அது தண்ணி மாதிரி ஓடுச்சு. "இது கரண்டில நிக்கணும்ங்க, ஓடக்கூடாது."

அவமானமா போச்சுங்க. இருபது வருசமா வார்னிஷ்ல குச்சிய விட்டுத் தூக்கிப் பாத்து தின்னர் ஜாஸ்தியா கம்மியான்னு சொல்றவன் நான். மோட்டாருக்குப் பாத்தத பொண்ணுக்குப் பாக்கல.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். ஆறுல இருந்து எட்டு மாசம் வரைக்கும் தாய்ப்பால் போக சாப்பாட்டுல இருந்து நாளைக்கு சுமாரா 200 கலோரி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ராகி மாவு 100 கிராமுக்கு சுமாரா 320 கலோரி. என்னோட 10 கிராம்ல 32. அதுல பாதியத்தான் அவ குடிக்கறா, 16. ரெண்டு வேளைக்கு 32. அதாவது வேண்டியதுல ஆறுல ஒரு பங்குகூட இல்ல. இதுல கொடுமை என்னன்னா, அந்த 100 மில்லி தண்ணில வயிறு ரொம்பி அடுத்த வேளை பாலையும் கம்மியாத்தான் குடிச்சிருக்கா.

சரி, கெட்டி பண்ணிடலாம்னு மறுநாள் 10 கிராமுக்குப் பதிலா 20 கிராம் போட்டேன். காய்ச்சறப்போ கொஞ்சம் கூடுற மாதிரி கூடி மறுபடி நீத்துப் போச்சு. 25 போட்டேன், அப்பவும் கரண்டில நிக்கல. அடுப்ப சின்னதா வெச்சுப் பாத்தேன், பெருசா வெச்சுப் பாத்தேன். ராகில ஏதோ கலப்படம்னு கடைக்காரர்கிட்ட போய் சண்டைக்கு நின்னேன், பாவம் அந்த மனுசன். அடுத்த வாரம் அவர்கிட்டயே 500 கிராம் வாங்கி, முளைகட்டாம, கழுவிக் காய வெச்சு வறுத்து அரைச்சேன். இது மூணாவது ஈடு. 25 கிராம், 200 மில்லி. அஞ்சே நிமிஷத்துல களி. கரண்டி செங்குத்தா நிக்குது.

இதுல கலப்படமும் இல்ல ஒண்ணும் இல்ல. தானியம் முளைக்கறப்போ மாவுச்சத்த உடைக்கற அமிலேஸ்ங்கற நொதி அதுக்குள்ளயே உருவாகுது, நான் வறுக்காம விட்டதால அது அப்படியே மாவுல இருந்து கூழத் தண்ணியாக்கிட்டே இருந்திருக்கு. எங்கம்மாகிட்ட சொன்னதுக்கு, "மொளகட்டுன மாவு இளகும்னு எங்க ஆத்தாவே சொல்லுவாங்களே"ன்னாங்க. இத மூணு வாரத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்.

களிய அம்மிணி ஏத்துக்கல. ஒரு கரண்டி வாங்குனா, முகத்த சுளிச்சா, நாக்கால மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டத எடுக்கத் தெரியாம அழுதா. நான் விடாம நாலு நாள் அதையே குடுத்தேன், ரெண்டாவது தப்பு. அஞ்சாவது நாளு வெளிய போகல, ஆறாவது நாளும் இல்ல, ஏழாவது நாள் ஆட்டுப் புழுக்கை மாதிரி நாலு உருண்டை, ஒரே அலறல். டாக்டர்கிட்ட ஓடுனோம். ராகிய ஒரு வேளையோட நிறுத்துங்க, பழுத்த பப்பாளிய மசிச்சுக் குடுங்க, சாப்பாட்டோட ரெண்டு மூணு மடக்கு தண்ணி காட்டுங்கன்னாரு. பப்பாளி ரெண்டு நாள்ல வேலை செஞ்சுது. எங்க அத்தை விளக்கெண்ணெய் புட்டிய எடுத்துட்டு வந்துட்டாங்க, அத மட்டும் மரியாதையா வாங்கி அலமாரில வெச்சுட்டேன்.

வேலைக்கு ஆனது ரெண்டு மாவையும் சேத்தப்போதான். பட்டறைல ரெண்டு கூட்டுப்பொருள் கலக்கற பிசின் இருக்கும், அதப் பாத்துதான் யோசனை வந்துச்சு. இப்ப வரைக்கும் இதே அளவுதான்: வறுத்த மாவு 25 கிராம் (எங்க வீட்டு டேபிள்ஸ்பூன்ல தலைதட்டி மூணு), தண்ணி 200 மில்லி. பச்சத் தண்ணிலயே கட்டியில்லாம கரைச்சுட்டு அடுப்புல வெச்சு எட்டு நிமிஷம் கிண்டி கெட்டியாக்கணும். இறக்கி மூணு நிமிஷம் விடணும். கொதிக்கக் கொதிக்கப் போட்டா முளைமாவு வேலை செய்யாது, ஆறிப்போனாலும் செய்யாது, நல்ல சூடு ஆனா கொதி அடங்கியிருக்கணும். அப்ப முளைகட்டுன மாவு அரை டீஸ்பூன் போட்டுக் கலக்கணும். ஒரு நிமிஷத்துல அந்தக் களி உங்க கண்ணு முன்னாடியே இளகி வழவழன்னு ஆகும், மொத தடவ பாத்தப்போ எங்கம்மாவ கூப்பிட்டுக் காட்டுனேன். ஒரு முழு டீஸ்பூன் போட்டா ஜாஸ்தி, மறுபடி பாலாடைக்குப் போயிரும். பதம் வந்ததும் திருப்பி அடுப்புல வெச்சு ஒரு கொதி விட்டு இறக்கணும். வறுக்காத மாவு இல்லீங்களா, வேகணும், அதோட மேற்கொண்டு இளகறதும் நின்னுக்கும். கடைசில நெய் ஒரு டீஸ்பூன். இப்ப ஒரு தடவ காய்ச்சறதுல மொத்தம் 120 கலோரி பக்கம் நிக்குது, தண்ணி பழைய அளவுதான்.

சமையல் தராசு இல்லாம இருந்தா இதக் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். 380 ரூபா. மூணு மாசத்துல வாங்குனதுல உருப்படியானது இது ஒண்ணுதான். 1,450 ரூபாய்க்கு ஒரு சாப்பாட்டு நாற்காலி வாங்குனோம், அவ என் மடிலதான் சாப்பிடுவா, நாற்காலில இப்ப இஸ்திரி போட்ட துணி இருக்கு. கரண்டில ஊட்டற பூ போட்ட சிலிக்கான் செட்டு 600 ரூபா, கடைசில உதவுனது வீட்ல கிடந்த உப்புக் கரண்டி சைஸ் எவர்சில்வர் கரண்டி. ராகி மூணு ஈடும் சேத்து 116 ரூபா. அதுல பாதி குப்பைல.

எட்டு மாசத்துல பருப்பு சாதம். குக்கருக்குள்ள சின்ன டப்பா வெச்சு அரிசி ரெண்டு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு, கூட ஒரு துண்டு பரங்கியோ கேரட்டோ, அஞ்சு விசில். மொத ரெண்டு வாரம் இதையும் மிக்ஸில அடிச்சேன், அதுவும் வேண்டாத வேலை. வழவழப்புக்குப் பழகிட்டு ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் ஓங்கரிச்சா. மிக்ஸிய நிறுத்திட்டு மத்தால கடைஞ்சேன், பொறவு கரண்டி முதுகால மசிச்சேன், இப்ப விரலால நசுக்கறது மட்டும்தான். ஓங்கரிக்கறப்போ எங்கம்மா பதறிப்போய் முதுகுல தட்டப் போயிருவாங்க. சத்தமா இருமி முகம் செவந்தா அது அவளே வெளிய தள்றது, கையக் கட்டிட்டு உக்காரணும், சத்தமே வராம நிறம் மாறுனாத்தான் விக்கிக்கிச்சுன்னு அர்த்தம். அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிய எனக்கே பத்து நாள் ஆச்சு, அந்தப் பத்து நாளும் அவ சாப்பிட்டு முடிச்சா எனக்கு வேர்த்திருக்கும். முழு வேர்க்கடலை, திராட்சை ரெண்டையும் அவ இருக்கற ரூமுக்குள்ளயே கொண்டு வர்றதில்ல. வேர்க்கடலைய விழுதா அரைச்சு கூழுல கால் டீஸ்பூன் கலந்து குடுத்தோம், ஒண்ணும் பண்ணல. முட்டைய நல்லா வேக வெச்சு குடுத்தோம், அதுவும் ஒத்துக்கிச்சு. ஒவ்வொரு புதுசுக்கும் மூணு நாள் விட்டுத்தான் அடுத்தது, காலண்டர்லயே குறிச்சு வெச்சேன்.

பெரியவங்களோட சண்டைன்னு பாத்தா நாலு. உப்பு, சக்கரை, பசும்பால், தேன். உப்பில்லாம எப்படிறா இறங்கும்னு எங்கம்மா, அவளுக்கு உப்புன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதும்மான்னு நான். பனங்கற்கண்டு சக்கரையில சேராதுங்கறது அத்தையோட கட்சி. தேன்ல மட்டும் யார் சொல்லியும் விட்டுக்குடுக்கல, ஒரு வயசு ஆகற வரைக்கும் ஒரு சொட்டுகூட இல்ல, அதுல வர்ற ஒரு கிருமி வித்து குழந்தைங்க குடல்ல முளைச்சு நரம்ப முடக்கற விஷத்த உண்டாக்கிரும். நெய்யில நான் தோத்த மாதிரி நடிச்சேன், எனக்கும் அதுதான் வேணும். செவிலியர் அக்கா குடுத்த இரும்புச்சத்து மருந்து வாரம் ரெண்டு தடவ 1 மில்லி போகுது, மலம் கறுப்பா வந்தா பயப்படாதீங்கன்னு அவங்க மொதல்லயே சொல்லிட்டாங்க, இல்லாட்டி அதுக்கும் ஓடியிருப்போம்.

போன வாரம் ஒம்போது மாசத் தடுப்பூசி. எடை 8 கிலோ. கோடு நிமிந்துருச்சுன்னு டீச்சர் சொன்னப்போ, அட்டைய வாங்கி நானும் ஒரு தடவ பாத்துக்கிட்டேன்.

அடுத்த தடவ மாத்திக்க வேண்டியது: மாவ மழைக்கு முன்னாடி, ஆவணிலயே முடிச்சு வெக்கணும். 1 கிலோ எல்லாம் முளைகட்ட வேண்டாம், அரை டீஸ்பூன் கணக்குல 100 கிராம் ரெண்டு மாசத்துக்கு மேல வருது, 390 கிராம அரைச்சு வெச்சதுல பாதி வண்டு பிடிக்கறதுக்கு முன்னாடி நாங்க தோசைல கலந்து சாப்பிட்டோம். மிக்ஸி ஒரு வாரத்துக்கு மேல கிடையாது. பாலாடை அலமாரிய விட்டு வெளியவே வரக்கூடாது.

இன்னும் தீராத ஒண்ணு இருக்குங்க. ராத்திரி வீட்டுக்காரி வந்து ஊட்டுனா வாயவே திறக்க மாட்டேங்கறா, அம்மாவப் பாத்தா பால்தான் வேணும். அதனால ராத்திரி சாப்பாட்டையும் நான்தான் ஊட்டறேன், வீட்டுக்காரி பக்கத்து ரூம்ல சத்தம் காட்டாம உக்காந்துக்குவா. கொக்கில இப்ப 100 கிராம் மூட்டை தொங்குது, நாளைக்குக் காலைல அவுக்கணும்.